சந்தை நாள் மாத்திரை

போன மாதம் சுகந்தி போன் செய்தாள். நான் இருபத்தொன்பது வருடம் புண்களுக்குக் கட்டுப் போட்ட அறையில் இப்போது அவள்தான் பொறுப்பு. புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முதுகில் சின்னதாக ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்களாம். மூன்று வாரம் ஆகியும் காயம் கூடவில்லை. கட்டுப் போடுகிறவர்கள் சரியில்லை என்று அவருடைய மகன் வராந்தாவில் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். "அக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல. புதுசா வந்த பொண்ணுங்களும் பயந்துக்கினு இருக்குதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். சுகந்தி எதிர்பார்ப்பது பாடக்குறிப்பு. எனக்கு அப்படி எழுத வராது. அந்த மருந்துகள் புண்ணை என்ன செய்யும் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருத்திக்கு நானே அதைச் செய்து, பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பஸ்கள் வந்து நிற்கும் ஊர்களில் ஒன்றில் இருந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். தப்பு என்னுடையது, ஆஸ்பத்திரி என்ன செய்யும்.

நர்ஸ் பயிற்சி மூன்றரை வருடம். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வார்டன் அம்மாவுக்குப் பயந்தோம், பசித்தது, பாஸானோம். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடமே என்னைக் கட்டுக் கட்டும் அறையில் போட்டார்கள். மற்றவர்கள் அந்த அறைக்கு வர மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அரிவாள் வெட்டு, கரும்புச் சோகை கிழித்தது, மாடு முட்டியது, சர்க்கரைப் புண், தீப்புண் என்று எது வந்தாலும் கட்டைப் பிரிக்கும்போதே இது ஆறுமா ஆறாதா என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, கொஞ்சம் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்களுக்கு எதிரி என்றால் சீழ்தான். சீழ் இருந்தால் கெட்ட புண், இல்லாவிட்டால் நல்ல புண். அதற்கு அடுத்தது சர்க்கரை. புதிதாகக் காயத்தோடு யார் வந்தாலும் கையுறை மாட்டிக்கொண்டே "சக்கர இருக்கா?" என்று கேட்பேன். இல்லை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்களும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

கடைசிப் பத்து வருடம் எங்களுக்கு சர்ஜனாக இருந்தவர் டாக்டர் நூருல்லா. அந்த டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. கூட்டுகிற அம்மாவுக்கும் 'ங்க' போடுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். "உக்காருங்க, தண்ணி குடிங்க, இப்ப சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். புண்ணைத் தொடுவதற்கு முன்னால் நோயாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லுவார். காலில் முள் குத்தினவனுக்கு நாக்கை எதற்கு இவர் பார்க்கிறார் என்று நாங்கள் பின்னால் சிரித்திருக்கிறோம்.

கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு போடுகிற ஒருவர் வருவார். குடலில் புற்று. சென்னையில் ஆபரேஷன் செய்து அனுப்பியிருந்தார்கள், வயிற்றுத் தையலுக்கு நான்தான் கட்டு. புற்றுக்கான மருந்தை இன்னும் சில வாரம் கழித்துத்தான் ஆரம்பிப்போம் என்று அங்கே சொல்லிவிட்டதால் குடும்பத்துக்கு ஆத்திரம். நோயை வளரவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களே என்று டாக்டரிடம் வந்து முறையிட்டார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சீக்கிரம் சீக்கிரமாகப் பெருகுகிற உயிரணுவைத் தேடிப் பிடித்து அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. புற்று அப்படிப் பெருகும். ஆனால் வெட்டுப்பட்ட தோலும் அப்படிப் பெருகினால்தான் ஒட்டும். வாய்க்குள் இருக்கிற தோல், தலைமுடி, எலும்புக்குள்ளே ஊறுகிற ரத்தம் எல்லாமே அந்த ரகம். இது கெட்டது, இது நல்லது என்று மருந்துக்குத் தெரியாது. தையல் கூடுவதற்கு முன்னால் மருந்து உள்ளே போனால் தையல் அப்படியே நின்றுவிடும், அதனால்தான் காத்திருக்கிறார்கள் என்றார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். புற்றுநோய் ஆஸ்பத்திரி சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் அலமேலு வந்தாள். மலையில் உள்ளே தள்ளி ஒரு ஊர். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, விரல் மூட்டெல்லாம் வீங்கி மோதிர விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூட்டுவாதம் என்று டாக்டர் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். அங்கே இரண்டு வித மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒன்று மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒன்றே ஒன்று. இன்னொன்று அந்த மருந்தின் வேகத்தால் உடம்பு கெடாமல் இருப்பதற்கான சத்து மாத்திரை, மற்ற நாட்களில். இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னது. மூன்று மாதத்துக்குக் கொடுத்திருந்ததால் வார மாத்திரை மொத்தம் பன்னிரண்டு. கூட்டத்தில் அங்கே சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை. படிக்கத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்து இரண்டு கவரையும் நீட்டினாள்.

இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை சொல்லிக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை போட்டுக் கொடுப்பேன். வாரம் ஒரு முறை என்பதற்கு மட்டும் என்னிடம் படம் கிடையாது. கிழமை சொன்னால் மறந்துபோவாள் என்று நானாக நினைத்தேன். மலை ஆட்கள் வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்கு இறங்குவார்கள், அது எனக்குத் தெரியும், எவ்வளவு காலமாகப் பார்க்கிறேன். மெத்தோட்ரெக்சேட் கவரில் ஒரு கூடை வரைந்தேன். "சந்தைக்குப் போற அன்னிக்கு இது ஒண்ணு. போகாத அன்னிக்கு அந்தக் கவர்ல இருக்கறது. மாத்திக்கீத்திப் போட்டுடாத" என்றேன். அவள் ஒரு தரம் திருப்பிச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற சுகந்தியிடம், பாத்தியா இப்படித்தான் சொல்லிக் கொடுக்கணும் என்று வேறு பீற்றிக்கொண்டேன். சுகந்திக்கு அது ஞாபகம் இருக்கும்.

நாலு நாள் கழித்து அலமேலு காலில் ரத்தத்தோடு வந்தாள். சந்தையில் தராசுத் தட்டு நழுவி, அதன் விளிம்பு வலது புறங்காலைக் கிழித்துவிட்டது. அன்று எங்கள் ஊர்ச் சந்தை நாள்தான், அதனால் எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. டாக்டர் நூருல்லா விடுப்பில் இருந்தார். டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ஏழு தையல் போட்டார். நான் கேட்டது ஒரு கேள்வி, சர்க்கரை இருக்கா. இல்லை என்றாள். முகம் தெரிந்ததால் கூடவே, மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்றேன். போடுகிறேன் சிஸ்டரு என்றாள்.

நடுவில் இரண்டு முறை கட்டு மாற்ற வந்தாள். தையல் பார்க்க அழகாக இருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சீழ் ஒரு பொட்டு இல்லை. சாதாரணமாக மூன்றாம் நாள் ஓரம் லேசாகச் சிவந்து தடித்திருக்கும், உடம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது இல்லாததை நான் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை வந்தபோது பேசுவதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள், வாய் வெந்துபோச்சு, கஞ்சிகூட எரியுது என்றாள். வெயில் சூடு, மோர் குடி என்று அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். புறங்காலில் அதுதான் கணக்கு. டாக்டர் நூருல்லா அன்று இருந்தார், பக்கத்து மேசையில் ஒரு தீப்புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமேலுவைப் படுக்க வைத்துக் காலின் கீழ் ரப்பர் ஷீட் போட்டேன். உப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பொருக்கை ஊற வைத்து எடுத்தேன். தையலை வரிசையாகப் பிரிக்கக் கூடாது, ஒன்று விட்டு ஒன்றுதான் பிரிக்க வேண்டும். முடிச்சை இடுக்கியால் தூக்கி, தோலை ஒட்டினாற்போல ஒரு பக்கம் வெட்டி, காயத்தின் பக்கமாக இழுக்க வேண்டும், வெளிப்பக்கம் இழுத்தால் ஓரம் பிரிந்துவிடும். இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்வேன். இரண்டாவது தையலை எடுத்தேன். நாலாவதை எடுத்தேன்.

காயம் திறந்துகொண்டது. இழுபடவில்லை, கிழியவில்லை, வாயைத் திறக்கிற மாதிரி தானாகத் திறந்தது. உள்ளே பார்த்தால் வெட்டுப்பட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பத்து நாளில் ஒரு நூல்கூட ஒட்டவில்லை. வெளுத்த சதை, கொஞ்சம் தண்ணீர் மாதிரிக் கசிவு. புதுச்சதை வளர்ந்திருந்தால் சிவப்பாகப் பொடிப்பொடியாக இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். ஒன்றுமில்லை. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு காயத்தை நான் பார்த்ததில்லை. இடுக்கி கையிலிருந்து டிரேயில் விழுந்தது. உயிரோடு இருக்கிறவள் காலில் எப்படி இப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவே இல்லை.

டாக்டர் சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் அவசரமாக, சீழ் இல்லை சார், சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் காயத்தை ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு தலைமாட்டுக்குப் போய் அவளை நாக்கை நீட்டச் சொன்னார். வாய் முழுக்கப் புண், உதட்டின் உள்பக்கம் தோலே இல்லை. கையில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், அனலாக இருந்தது.

"சிஸ்டர், சீழுங்கிறது இன்னாங்க? சண்ட போட்டுச் செத்த வெள்ளை அணுதானேங்க. இங்க சண்ட போடவே ஆள் இல்லீங்க" என்றார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டிருக்கும்போது அலமேலுவிடம் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

அவள் மடியிலிருந்து கூடை போட்ட என் கவரை எடுத்துக் கொடுத்தாள். காலியாக இருந்தது. "இது தீந்துபோச்சிங்க. நேத்தோட முடிஞ்சிது. இன்னும் ஒரு அட்ட வாங்கணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

மூன்று மாதத்து மாத்திரை. இரண்டு வாரம்.

டாக்டர் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தினமும் போடச் சொல்லி யாரும்மா சொன்னாங்க என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தெனம் எங்கங்க போட்டேன்? சிஸ்டரு சொன்ன மாதிரிதான் போட்டேன். சந்தைக்குப் போற அன்னிக்கி ஒண்ணு. ஒரு சந்தை வுடல" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

டாக்டர் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, அலமேலு வியாபாரி. மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி, கீழே அக்காள் வீட்டில் மூட்டையைப் போட்டு வைத்து, வாரத்தில் ஆறு நாள் ஆறு ஊர்ச் சந்தையில் கடை போடுகிறவள். சங்கராபுரம் ஒரு நாள், உளுந்தூர்பேட்டை ஒரு நாள், இப்படி. ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாள் சத்து மாத்திரை போட்டிருக்கிறாள், மற்ற ஆறு நாளும் விஷம். காலில் கட்டோடு அக்காள் மகன் வண்டியில் உட்கார்ந்து போய் வியாபாரம் பார்த்திருக்கிறாள், காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு. புற்றுநோய்க்காரர்களுக்குக் கை நிறையக் கொடுக்கிற அதே மருந்துதான் அது. மூட்டுக்கு வாரம் ஒரு துளி. அதைத் தினமும் கொடுத்து, அவள் உடம்பில் புதிதாக எது முளைக்கப் பார்த்தாலும் அதை நிறுத்தி வைத்தது நான். கட்டைப் பிரித்துப் பிரித்து சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் புதுச்சேரிக்குப் போன் போட்டார். இந்த மருந்தை முறிக்கிற ஊசி இருக்கிறது, அங்கேதான் கிடைக்கும், இன்றைக்கே போயாக வேண்டும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நடந்ததை எழுதி அவளோடு அனுப்பச் சொல்லி என்னிடம் தாளைக் கொடுத்தார். நான் எழுதினேன். வாரம் ஒரு முறை உட்கொள்ள வேண்டிய மாத்திரையை நோயாளி தவறுதலாகத் தினமும் உட்கொண்டுவிட்டார் என்று எழுதினேன். ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது, என் கை தானாக அப்படி எழுதிவிட்டது.

டாக்டர் படித்துவிட்டு தாளை என் முன்னால் திரும்ப வைத்தார். "உக்காருங்க சிஸ்டர். தண்ணி குடிங்க. தவறுதலாவாங்க? அந்தம்மா ஒரு தப்பும் பண்ணலீங்களே" என்றார்.

வேறு தாள் எடுத்து எழுதினேன். சந்தைக்குப் போகும் நாளில் போடச் சொன்னது நான், அவர் எந்த வேலை செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, பதினான்கு நாளில் பன்னிரண்டு மாத்திரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அது ஒரு பெரிய விஷயமாக அப்போதும் படவில்லை.

பெரிய விஷயம் அடுத்த ஒன்பது நாள். டாக்டர் தினமும் மதியம் புதுச்சேரிக்குப் போன் போடுவார். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். காய்ச்சல் இறங்கவில்லை என்பார். ரத்தம் ஏற்றுகிறார்கள் என்பார். ஒரு நாள் போனை வைத்ததும் நேராக வார்டுக்குப் போய்விட்டார். அவள் செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்றுகூட யோசிக்க முடியவில்லை. அவள் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் என் வேலையில் பாதியைச் சுகந்திதான் வாங்கிச் செய்தாள்.

ஒன்பதாம் நாள் டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "கால்ல சீழ் புடிச்சிருக்காம்ங்க" என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெள்ளை அணு திரும்பி வந்துவிட்டது. ஆயுசு முழுக்க நான் திட்டின சீழுக்காக நானே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சுகந்தி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ தப்பு எதுவும் செய்யவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர்களின் காயம் மெதுவாகத்தான் கூடும். அந்த மகனை உட்கார வைத்து அதைச் சொல். ஊசி எந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்று கேட்டுக் கட்டுச் சீட்டில் எழுது. நாள் கணக்கு பார்த்துத் தையலைப் பிரிக்காதே, டாக்டரைக் கேட்டுப் பிரி. சிவப்பு இல்லை, சீழ் இல்லை, ஆனால் காய்ச்சல் இருக்கிறது என்றால் அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடு. புதுப் பெண்களிடம் சொல், சர்க்கரையோடு நிறுத்தாமல், என்ன மாத்திரை, எத்தனை, எந்தக் கிழமை, என்ன வேலை செய்கிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்கச் சொல்.

அலமேலு நாலு மாதம் கழித்து வந்தாள். புறங்காலில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருந்தார்கள், தழும்பு அகலமாக இருந்தாலும் கெட்டியாகக் கூடியிருந்தது. தலைமுடி பாதி போய்ப் புதிதாகக் குட்டையாக வளர்ந்திருந்தது. இனிமேல் செருப்பு போடலாமா என்று கேட்க வந்திருந்தாள். அவளை உட்கார வைத்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். நான் சொன்னதுதான் தப்பு, நீ சரியாகத்தான் போட்டாய், சாகக் கிடந்தது என்னால்தான் என்றேன். மலையிலிருந்து வாரம் ஒரு நாள் இறங்குகிறவள் என்று நினைத்துவிட்டேன், நீ சந்தை சந்தையாகக் கடை போடுகிறவள் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்களா? ரெண்டு வருசமா சங்கராபுரம் சந்தையில எங்கிட்டதானே சிஸ்டரு புளி வாங்கினு போறீங்க. கொட்ட எடுத்ததா குடுன்னு கேப்பீங்களே" என்றாள்.

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். எனக்கு அந்தப் புளி ஞாபகம் வந்தது, அதை நிறுத்துக் கொடுத்த முகம் அப்போதும் ஞாபகம் வரவில்லை.